லண்டனில வீடு வாடகைக்கு விடுற அண்ணைமார் அக்காமாருக்கு, பொயிலரில இருந்து வெளியில போற அந்த வெள்ளைப் பைப்பைப் பற்றி

வணக்கம் அண்ணைமார், அக்காமார்,

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹரோ பக்கம் உங்கட வீடுகளில ஹீற்றிங் வேலை செய்யிற ஒருத்தன்தான் இதை எழுதுறன். பேர் போட்டா நாளைக்கு ஆராவது "என்னைத்தான் குத்திக் காட்டுறான்" எண்டு கோவிப்பீங்கள், அதால பேர் வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாத்தான் எழுதுறன், ரெண்டு மூண்டு பேருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா.

2022 டிசம்பர் 11, ஞாயிறு இரவு, லண்டனில ஸ்நோ கொட்டினது ஞாபகம் இருக்கோ? திங்கள் விடிய ஆறு மணிக்கே ஈஸ்ட் ஹாம் வீடொண்டில இருந்து ஹீற்றிங் இல்லையெண்டு முதல் கோல் வந்திட்டுது. நான் போய்ச் சேரேக்க அங்க வாடகைக்கு இருக்கிற பிள்ளை கைக்குழந்தையைப் போர்வையால சுத்தி வைச்சுக்கொண்டு கிச்சினில ஓவன் அடுப்பைப் பத்த வைச்சு, கதவைத் திறந்துவிட்டுட்டு அதுக்கு முன்னால இருக்கு. பொயிலர் ஒவ்வொரு தரமும் பத்தப் பார்க்குது, உள்ளுக்குள்ள சோடாப் போத்தலைக் கவிட்டு ஊத்தின மாதிரி களக் களக் எண்டு ஒரு சத்தம், பிறகு சிவப்பு லைட், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்ட உடனே நான் பொயிலரைத் தொடவே இல்லை, நேர பின்வளவுக்குப் போனன். வெயில் ஒரு நாளும் படாத சுவரில, என்ர பெருவிரல் மொத்தத்தில ஒரு வெள்ளைப் பைப், நாலு மீற்றருக்கு மேல ஓடி, ரெண்டு இடத்தில வளைஞ்சு, கீழ கானுக்குள்ள போகுது. நுனியில பனிக்கட்டி மெழுகுதிரி உருகி வழிஞ்ச மாதிரித் தொங்குது. பைப்பில குளிர் ஏறாமச் சுத்துற ஃபோம் ஒரு துண்டுகூட இல்லை.

வீட்டுக்கார அண்ணைக்கு ஃபோன் எடுத்தன். அவர் சொன்னது, "அவைக்குப் பொயிலர் பாவிக்கத் தெரியாது தம்பி, காஸ் காசு மிச்சம் பிடிக்கிறதெண்டு நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுறவை, அதுதான் பழுதாப் போகுது."

அண்ணை, அது பழுதில்லை, அவையின்ர பிழையும் இல்லை. பழைய பொயிலரில காஸ் எரியேக்க வாற நீராவி சூட்டோட சேர்ந்து புகைக்குழாயால வெளியில போயிடும். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்க பூட்டின பொயிலர் அநேகமா எல்லாம் கண்டென்சிங், அதாவது அந்த ஆவியைக் குளிர வைச்சு அதில இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தண்ணியா விடுற சாமான். நல்லா ஓடுற நேரம் மணித்தியாலத்துக்கு ரெண்டு லீற்றர் வரைக்கும் வரும். அந்தத் தண்ணி லேசான அசிட், செம்பை அரிச்சுப்போடும், அதாலதான் அதை வெளியில விட அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பைப். அது குபுகுபு எண்டு ஓடுற தண்ணியில்லை, ஒழுகி ஒழுகி வாற தண்ணி, ஒல்லிப் பைப்பில குளிர்ச் சுவர் வழிய நாலு மீற்றர் போறதுக்குள்ள உறையாம என்ன செய்யும்? அடைச்ச உடனே தண்ணி பின்னுக்கு ஏறிப் பொயிலருக்குள்ள நிறையுது, பொயிலர் தன்னைத்தானே காப்பாத்திக்கொள்ள நிப்பாட்டிப்போடுது. குளிர் கூடக் கூட ஹீற்றிங் கூட ஓடும், தண்ணியும் கூட வரும், பைப்பும் அப்பதான் உறையும். ஆக, தேவையான அண்டைக்குத்தான் கைவிடும்.

இது புதுக் கதையும் இல்லை. 2010 டிசம்பர், நூறு வருசத்தில இல்லாத குளிர், நான் அப்ப ஒரு பிளம்பரோட ஹெல்ப்பராப் போய்க்கொண்டிருந்தன், ஒரு கிழமையா நாங்கள் செய்த வேலை வீடு வீடாச் சுடுதண்ணி ஊத்தினதுதான். அதுக்குப் பிறகுதான் தரக் குறிப்புகளையே இறுக்கினவை. வெளியில ஓடுற பைப் உள்விட்டம் 30 மில்லிமீற்றராவது இருக்க வேணும், 3 மீற்றருக்கு மேல போகக் கூடாது, வெயில் மழை தாங்குற ஃபோம் சுத்த வேணும், ஒரு மீற்றருக்கு 50 மில்லிமீற்றர் அளவில சரிவு வேணும். அந்த ஈஸ்ட் ஹாம் வீட்டில இதில ஒண்டுகூட இல்லை, பொயிலர் மட்டும் ரெண்டு வருசப் புதுசு. மலிவா ஆரோ பூட்டிக் குடுத்திருக்கினம், நீங்களும் பில்லைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பியள்.

அண்டைக்கு நான் செய்ததையும் சொல்லுறன், வாடகைக்கு இருக்கிறவைக்கும் உதவும். கெற்றில் கொதிச்ச தண்ணியை அப்பிடியே ஊத்தக் கூடாது, பிளாஸ்ரிக் வெடிக்கும், கையிலயும் தெறிக்கும். கொஞ்சம் ஆற விட்டு, கை பொறுக்கிற சூட்டில, பூமரத்துக்குத் தண்ணி விடுற பூவாளியில எடுத்து, நுனியையும் வளைவுகளையும் முதல் பார்த்து ஊத்துங்கோ, அங்கதான் அநேகமா அடைக்கும். சுடுதண்ணிப் பையைக் கட்டி விட்டாலும் சரி. ஏணி வைச்சு ஏற வேண்டிய உயரத்தில பைப் இருந்தா தொடாதேங்கோ, அது பிளம்பரின்ர வேலை. ஊத்தின தண்ணி நிலத்தில உறைஞ்சா வழுக்கும், உப்புப் போடுங்கோ. நாலாவது பூவாளி ஊத்தேக்க கட்டி ஒண்டு டப்பெண்டு கானுக்குள்ள விழுந்துது, பின்னால பிடிச்சு வைச்சிருந்த தண்ணி முழுக்க ஓடினது, ரீசெற் அமத்தின உடனே பொயிலர் பத்தினது. அந்தப் பிள்ளை "இவ்வளவுதானா அண்ணா?" எண்டு கேட்டுது. எனக்கு வெக்கமாப் போச்சு. இவ்வளவுக்கும் நான் வந்து போனதுக்கு ஒரு கோல் அவுட் காசு.

அண்டைக்குப் பின்னேரம் திரும்பவும் உறைஞ்சுது, அது வேற கதை. ரெண்டாம் தரம் போனப்ப சுவரடியில பைப்பை வெட்டி வாளி ஒண்டை வைச்சுட்டு வந்தன், மூண்டு நாள் அவை வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவை.

இப்ப நான் கேக்கிறது என்னெண்டா, குளிர் வர முதல் ஒருக்கா உங்கட வீட்டுப் பின்சுவரைப் போய்ப் பாருங்கோ. திறமான வழி பைப்பை வெளியில விடாமலே விடுறது, பொயிலர் கிச்சினிலதானே இருக்கு, பக்கத்தில சிங்க் தண்ணி போற பைப்போ கக்கூஸ் கழிவு போற சொயில் பைப்போ வீட்டுக்குள்ளயே இருந்தா அதில சேர்க்கலாம், உறையிற பேச்சே இல்லை. ஏலாதெண்டா பெரிய பைப்பா மாத்தி, வளைவைக் குறைச்சு, நேர கீழ இறக்கி, நுனியை 45 டிகிரியில சரிச்சு வெட்டி, ஃபோம் சுத்துங்கோ. சில வீட்டில நீட்டு ஓட்டத்தைக் குறைக்கவே ஏலாது, அங்க பைப்போட ஒட்டிச் சூடாக்கிற வயர் இருக்கு, குளிர் வந்தா தானா வேலை செய்யும். கராஜுக்குள்ளால, லொஃப்ற்றுக்குள்ளால போற பைப்பையும் மறக்காதேங்கோ, உள்ளுக்குத்தானே எண்டு விடுவியள், அங்கயும் உறையும். ஃபோம் சுத்துறதை நீங்களே செய்யலாம். பொயிலர் கவரைக் கழட்டுறதெண்டா மட்டும் காஸ் வேலைக்குப் பதிவு இருக்கிற காஸ் சேஃப் ஆளைத்தான் கூப்பிட வேணும், மச்சானைக் கூப்பிட்டுக் கழட்ட வேண்டாம்.

சட்டமும் உங்கட பக்கம் இல்லை. 1985ஆம் ஆண்டு லாண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ற் அக்ட், செக்சன் 11, ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் ஒழுங்கா வேலை செய்ய வைக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பெண்டு சொல்லுது. எங்கட சனம் கவுன்சிலுக்கு முறையிடப் போகாது, "ஊர்க்காரர், பாவம்" எண்டு பொறுத்துக்கொண்டிருக்கும். அதை நம்பித்தான் கன பேர் இருக்கிறியள் எண்டும் எனக்குத் தெரியும், குறை நினைக்காதேங்கோ.

செப்டெம்பர், ஒக்டோபரில எனக்கு வேலை குறைவு, இந்தப் பைப் வேலைக்கு அரை நாள் காணும், கோல் எடுங்கோ. டிசம்பரில ஸ்நோ விழுந்த அண்டைக்கு எடுத்தா, உங்களுக்கு முதல் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் போவன், சொல்லிப்போட்டன்.

உங்கட வீட்டுப் பின்சுவரை உங்களைவிடக் கூடப் பார்த்த ஒரு பிளம்பர்