ஏரித் துறையை நத்தை அண்டாமல் சீரமைக்கவும் மாடுகளுக்குத் தனித் தண்ணீர்த் தொட்டி கட்டவும் கோரும் மனு

அனுப்புநர்:
கால்நடை வளர்ப்போர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் மாடுகள் ஆண்டு முழுவதும் ஏரியின் மதகடித் துறையில்தான் நீர் அருந்துகின்றன. கடந்த இரண்டு மழைக்காலங்களாகச் சில மாடுகள் மூக்கில் சளியும் இரத்தமும் ஒழுக, தெருவரை கேட்கும்படி குறட்டை விடுகின்றன. சாதாரணச் சளி என்று கைமருந்து கொடுத்துக் காலம் கடத்திவிட்டோம். சளியைப் பரிசோதித்த பிறகே அதில், மாட்டின் மூக்கு இரத்தக்குழாய்களில் வாழும் ஒட்டுண்ணியான மூக்கு இரத்தப்புழுவின் முட்டைகள் இருப்பது தெரிந்தது. 1933-இலேயே ராவ் என்ற அறிஞர் விவரித்த புழு இது.

மாடு குனிந்து நீர் குடிக்கும்போது சளியோடு விழும் முட்டைகள் நீரில் பொரிகின்றன. வெளிவரும் இளம்புழு இரை எடுப்பதில்லை. ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தனக்குரிய நத்தையைச் சேராவிட்டால் மடிந்துவிடும். நத்தையின் உடலிலிருந்து நீரில் கசியும் பொருள்களே அதற்கு வழிகாட்டுகின்றன. அவை பட்ட இடத்தில் புழு திரும்பித் திரும்பிச் சுற்றி, நத்தையைக் கண்டு துளைத்து நுழைகிறது. உள்ளே பல மடங்காகப் பெருகி, வாலுள்ள புழுக்களாக வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கிறது. எருமைகளிடம் அறிகுறி அவ்வளவாகத் தெரியாததால் அவற்றை யாரும் ஐயுறுவதுமில்லை.

எங்கள் துறையில் ஆகாயத்தாமரையின் அடி இலைகளைப் புரட்டினால், தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தைகள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. நசுக்கினால் சிவப்பு நீர் கசிகிறது. புழுவுக்கு இடம் கொடுக்கும் நத்தை இதுவே. சளி விழும் இடமும் நத்தை வாழும் இடமும் ஒன்றாக இருக்கும்வரை, ஊசி போட்டுத் தேற்றிய மாடு மறுபடியும் அதே நீரில்தான் இறங்க வேண்டியுள்ளது.

ஆகவே, துறையைச் சுற்றியுள்ள ஆகாயத்தாமரையை வேரோடு அகற்றிக் கரையில் உலர்த்தவும், ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் தொட்டி ஒன்றை மேட்டில் கட்டித் தரவும், அது முடியும்வரை மாடுகள் துறையில் இறங்காதவாறு வேலி அமைக்கவும், எருமைகள் உட்பட எல்லா மாடுகளின் மூக்குச் சளியையும் முகாம் நடத்திப் பரிசோதித்து மருந்தளிக்கவும் ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறோம். நத்தையைக் கொல்ல மயில்துத்தம் கரைக்கலாம் எனச் சிலர் கூறுகின்றனர். அதனால் ஏரி மீன்களும் சாகும் என்பதால் அதை மட்டும் தவிர்க்கக் கோருகிறோம். களை அகற்ற ஆள் தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்