நகம் என்று சொல்லி விரலை வெட்டுகிறார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பூனை சோஃபாவைப் பிறாண்டுகிறது, என்ன செய்வது என்று கேட்ட வாசகருக்கு, ‘மருத்துவரிடம் சொல்லி நகத்தை எடுத்துவிடுங்கள்’ என்று உங்கள் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் பதில் வந்திருந்தது. படித்ததும் மனம் பதைத்தது. ‘எடுத்துவிடுவது’ என்ற சொல் ஏதோ முடிவெட்டுவது போன்ற காரியம் என்று நினைக்க வைக்கிறது.

மனித நகம் சதையின் மேல் வளர்வது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்போடு ஒன்றாகப் பிணைந்து அங்கிருந்தே முளைக்கிறது. அது மறுபடி முளைக்கக் கூடாது என்றால் அந்த எலும்பையே மூட்டோடு அறுத்தெடுக்க வேண்டும். ஒரு முன்னங்காலுக்கு ஐந்து விரல், ஆக மொத்தம் பத்து வெட்டு. நம் கைவிரல் ஒவ்வொன்றையும் கடைசிக் கணுவோடு துண்டித்தால் எப்படி இருக்குமோ அப்படி. லேசரில் செய்தால் ரத்தம் குறைவாக வரும். போகிற எலும்பு அதேதான்.

பூனை விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. நுனி எலும்பு போனதும் உடல் எடை விழும் இடம் மாறிவிடுகிறது. எலும்பைப் பிடித்திருந்த தசைநாண் பின்னுக்குச் சுருங்கி, மிச்சமிருக்கும் விரல் மடங்கிப்போவதும் உண்டு. வெட்டும்போது எலும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அதிலிருந்து நகம் கோணலாக முளைத்து, தோலுக்கடியில் சீழ் வைக்கும். இது எப்போதோ ஒரு முறை நடக்கும் கைப்பிழை என்று ஒதுக்க முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் நீக்கப்பட்ட 137 பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 63 சதவீதப் பூனைகளின் காலில் எலும்புத் துணுக்கு இருந்தது. முதுகுவலி, கடிக்கும் குணம், கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது மூன்றுமே நகமுள்ள பூனைகளைவிட இவற்றிடம் மிக அதிகம்.

சிறுநீர் விஷயத்தைப் பலரும் பூனையின் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். அந்தப் பூனை மணல் தட்டுக்குள் இறங்குவதைக் கவனியுங்கள். ஒரு காலை வைக்கும், உடனே தூக்கி உதறும். முன்னங்கால் இரண்டையும் தட்டின் விளிம்பில் வைத்தபடியே காரியத்தை முடித்துவிட்டு, மணலைத் தள்ளி மூடாமல் தாவி ஓடும். வெட்டுப்பட்ட விரலில் மணல் குத்துகிறது. அதனால்தான் மெத்தென்றிருக்கும் படுக்கையைத் தேடிப் போகிறது. நகம் இல்லாததால் தற்காப்புக்குப் பல்தான் மிச்சம். பூனைக்கடி ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும், பிறாண்டலைவிட மோசமானது.

பிறாண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்ற முடியும். நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், பாதத்தின் வாசனையைப் பதிக்கவும், முதுகை நீட்டிச் சோம்பல் முறிக்கவும் பூனைக்கு அது வேண்டும். ஆகவே பிறாண்டு கம்பம் அது முழுதாக நிமிர்ந்து நீட்டும் அளவுக்கு, குறைந்தது மூன்றடி உயரம் இருக்க வேண்டும். கற்றாழை நார்க் கயிறு இறுக்கிச் சுற்றியிருக்க வேண்டும், அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஆடினாலும் பூனை அதை நம்பாது. கம்பத்தை மூலையில் ஒளித்து வைக்காமல், அது பிறாண்டும் சோஃபாக் கைப்பிடியை ஒட்டியே நிறுத்துங்கள். கைப்பிடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவிடுங்கள். பழகிய பிறகு கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். கம்பத்தைத் தொடாத பூனைக்குத் தரையில் அட்டை போட்டுப் பாருங்கள், சில பூனைகளுக்குப் படுக்கைவாட்டில் பிறாண்டத்தான் பிடிக்கும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை வெட்டினால் போதும். விரலை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்த ஓட்டமுள்ள பகுதி. அதிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி, வளைந்த கூர்நுனியை மட்டும் வெட்டுங்கள். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். உட்பக்கம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள். தரையில் படாததால் அது தேயாது, வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். பூனை முரண்டு பிடித்தால் அன்று இரண்டு நகத்தோடு விட்டுவிடுங்கள்.

எலும்பை விட்டுவிட்டு தசைநாணை மட்டும் வெட்டும் முறையையும் சிலர் சொல்வார்கள். அப்படி வெட்டினால் பூனையால் நகத்தை நீட்ட முடியாது, நகம் தடித்து வளர்ந்து பாதத்தில் குத்தும். அதுவும் வேண்டாம்.

இஸ்ரேல் 2011-இல் நகம் நீக்கும் அறுவைச் சிகிச்சையைத் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் நியூயார்க் முதலாவதாக 2019-இல் தடை செய்தது. உங்கள் பகுதியில் வந்த அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

ஏற்கெனவே நகம் நீக்கப்பட்ட பூனை வீட்டில் இருந்தால், தட்டில் மணலுக்குப் பதில் காகிதத்தாலான மென்மையான துகள்களைப் போடுங்கள். நொண்டினாலோ, பாதத்தை ஓயாமல் நக்கினாலோ, தாவத் தயங்கினாலோ, வருடங்கள் கழிந்திருந்தாலும் பாதத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு மருத்துவர் தரும் மருந்தை மட்டும் கொடுங்கள். நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்