வட்ட அரசு மருத்துவமனைகளில் குளோசபின் மாத்திரை ஒரு நாளும் தடைபடாமல் கிடைக்க வேண்டி மனு

அனுப்புநர்
மனச்சிதைவு நோயாளி ஒருவரின் அக்கா,
தையற்கடை நடத்துபவர்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மாத்திரை, அதற்குரிய இரத்தப் பரிசோதனை, மாதாந்திர ஊசி ஆகியவற்றை வட்ட அளவில் தடையின்றி வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தம்பிக்கு வயது 34. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மனச்சிதைவு நோய் வந்தது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், இடையில் ஹாலோபெரிடால் ஊசி என்று பதினோரு ஆண்டுகள் ஓடின. ஊசி போட்டால் கை நடுங்கும், நடை விறைத்துவிடும். காதில் கேட்கும் குரல்கள் மட்டும் ஓயவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குளோசபின் தொடங்கினார். இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் அடங்காத நோய்க்கு இதுதான் வழி என்றார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலை தானாகவே கடைக்கு வந்து உட்கார்ந்தான். ஊசியில் நூல் கோர்த்து ஒரு பள்ளிச் சட்டைக்குப் பித்தான் தைத்தான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இன்று கடையில் காஜாவும் பித்தானும் அவன் பொறுப்பு.

இந்த மாத்திரையில் தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். இரவெல்லாம் எச்சில் வடிவதால் தலையணைமேல் துண்டு விரித்துப் படுக்கிறான். காலையில் அந்தத் துண்டை அவனே துவைத்துக் காயப்போடுகிறான். உடல் பெருத்துவிட்டது, மலச்சிக்கல் விடுவதில்லை. எல்லாம் தெரிந்தும் மாத்திரை வேளையை அவன் தவறவிடுவதில்லை.

தவறியது கடந்த ஆகஸ்டில், மருத்துவமனையின் மருந்து வழங்கும் ஜன்னலில். "இருப்பு இல்லை, அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்றார்கள். ஊரில் உள்ள மருந்துக் கடைகளிலும் இல்லை. மாவட்டத் தலைநகருக்குப் போய் வாங்கி வருவதற்குள் ஐந்து நாட்கள் மாத்திரை இல்லாமல் கழிந்தன. மூன்றாம் நாள் மின்விசிறியை நிறுத்தச் சொன்னான், அதற்குள்ளிருந்து பேசுகிறார்களாம். நான்காம் நாள் நான் பரிமாறிய சோற்றை என்னையே முதலில் சாப்பிட்டுக் காட்டச் சொன்னான்.

ஐந்து நாள் விடுபட்டால் ஆறாம் நாள் பழைய அளவைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். குளோசபினில் அது முடியாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடியும் 12.5 மில்லிகிராமிலிருந்து, அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம் என்று மருத்துவர் சொன்னார். என் தம்பி சாப்பிட்டுவந்தது 300 மில்லிகிராம். அந்த அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதுவரை பித்தான் பெட்டியை அவன் திறக்கவே இல்லை. மாவட்டக் கிடங்கில் மாத்திரை இருந்ததும், இங்கிருந்து கேட்டு எழுதாததால்தான் வரவில்லை என்பதும் பிறகு தெரிந்தன.

இந்த மருந்து சிலருக்கு இரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். எனவே முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே பார்க்க வேண்டும். ஆய்வகப் பணியாளர் விடுப்பில் போனால் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி தனியார் ஆய்வகம்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை முறை அப்படிப் பார்க்க முடியும்?

என்னோடு வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவின் மகன் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கித் துப்பிவிடுவான். அவனுக்கு மாதம் ஒருமுறை போடும் ஃப்ளூபெனசின் ஊசிதான் பிடிமானம். அவனை பஸ் ஏற்றி அழைத்துவருவதற்குள் அந்த அம்மாள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே வாசலுக்குச் செவிலியர் ஒருவர் இந்த ஊசியையும் கொண்டுவர முடியாதா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18இன்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குளோசபின் இருக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேரைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மருந்து நின்று, வீட்டில் அடக்க முடியாமல் போகும்போது, ஏழைக் குடும்பத்தின் கை முதலில் கயிற்றைத்தான் தேடுகிறது. அந்த ஐந்து நாட்களில் ஓர் இரவு, தம்பியின் அறைக்கதவை வெளியே பூட்டியவள் நான்.

ஆகவே, குளோசபின் சாப்பிடுவோரை ஒவ்வொரு வட்ட மருத்துவமனையும் ஆள்கணக்கில் பதிவுசெய்து, அந்த எண்ணிக்கைப்படி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைக்கவும், ஒரு மாதத் தேவை எப்போதும் கூடுதல் கையிருப்பாக இருக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். இருப்பு குறைந்தால் அது தீருமுன் எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். தூரமானாலும் போய் வாங்கிக்கொள்வோம். இரத்தப் பரிசோதனையும் அதே மருத்துவமனையில், மாத்திரை வாங்கும் நாளிலேயே நடக்க வேண்டும். மாதாந்திர ஊசியை வீட்டில் போடவும் வழிசெய்ய வேண்டும். இன்னொன்று: மருந்து ஜன்னலில் "மென்டல் மாத்திரை யாருக்கு?" என்று உரக்கக் கேட்காமல், சீட்டு எண்ணைச் சொல்லி அழைத்தால் போதும். என் தம்பி அந்த வரிசைக்கு வர மறுப்பதற்கு அது ஒன்றே காரணம்.

இதை எழுதும் இன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 11 நாட்களுக்கான மாத்திரை இருக்கிறது. அதற்குள் தங்கள் ஆணை எங்கள் மருத்துவமனைக்கு வந்துசேர வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவச் சீட்டு, இரத்தப் பரிசோதனைக் குறிப்பேடு ஆகியவற்றின் நகல்கள்.