அது மஞ்சள் தூசி இல்லை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பாவுக்கு என்னவென்று போனில் நீ கேட்டபோது, அழுதுவிடுவேனோ என்று பயந்து "மஞ்சள் காமாலைதான் கண்ணு" என்று முடித்துவிட்டேன். முழுசாகச் சொல்லாதது மனசை அறுக்கிறது.

மாசியில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டிருந்தோம். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அப்பா களத்திலேயே உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோர் கையும் காலும் மஞ்சள்தானே, அவர் கண்ணும் மஞ்சளானதை நான் கவனிக்கவில்லை. ராத்திரியெல்லாம் சொறிந்தார். தூசி அரிப்பு என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போய், மலம் களிமண்ணாக வெளிறிய பிறகுதான் பயம் வந்தது. அப்போதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து எட்டு நாளை வீணாக்கினேன். அது என் தப்பு.

கோயமுத்தூரில் ஸ்கேன் பார்த்தார்கள். குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகும் ஈரலுக்குப் பரவியது உனக்குத் தெரியும். இப்போது ஈரலின் வாசலில் நெறிகட்டி, பித்தக்குழாயை நெருக்குகிறதாம். குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஏறுமே, அப்படித்தான். எந்த மருந்தைக் குடித்தும் இந்த அடைப்பு கரையாது. பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருளைப் பிலிரூபின் என்கிறார்கள். நல்ல உடம்பில் ரத்தத்தில் ஏறக்குறைய 1-ஐத் தாண்டாத அது அப்பாவுக்கு 14 இருந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தார்கள். பிளாஸ்டிக் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும், உலோகம் கூடுதல் நாள் தாங்கும் என்றார் டாக்டர். உலோகமே வைக்கச் சொன்னேன். நாலாம் நாள் ராத்திரி சொறியாமல் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் பிலிரூபின் 5. இன்னும் இறங்கினால்தான் மறுபடி கீமோ. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பித்தக்குழாயில் கிருமி சேர்ந்திருக்கலாம், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் உன் சித்தப்பா காரை நம் வாசலில்தான் நிறுத்துகிறார்.

ஸ்டென்ட் அடைப்பைத்தான் திறக்கும், புற்றுநோயைக் குணமாக்காது. டாக்டர் இதை நேராகவே சொன்னார், அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீ தீபாவளி நோம்பிக்கு வருவதாகச் சொன்னாய். அதுவரை தள்ளாதே சாமி, ஆடிக்கு முன்னாலேயே வா. அப்பா விரலி மஞ்சளில் ஒரு சின்ன மூட்டையை விற்க விடாமல் உனக்கென்று கட்டி வைத்திருக்கிறார்.

அம்மா