சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கைக்கு வந்து மூன்று நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது அது கடிதமாக இல்லை, பிரசங்கமாக இருந்தது, ஆகையால் கிழித்துப் போட்டுவிட்டேன். ஜெபிக்க முழங்காற்படியிட்டால் வார்த்தை வருவதில்லை என்றும், ஆராதனையில் எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதாகவும், நீ இன்னும் விசுவாசிதானா என்று உனக்கே சந்தேகமாயிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரிகளை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விசுவாசம் இல்லாதவளுக்கு இந்தக் கவலை எதற்கு வருகிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சபையில் எழுந்த ஒரு பிணக்கில் நடுவில் நின்ற என்மேல் இரண்டு பக்கத்தாருக்கும் கோபம்; வேலையிலும் அப்போது நெருக்கடி. ஏறக்குறைய இரண்டு வருஷம், வேதத்தைத் திறந்தால் கண் வரிகளின்மேல் ஓடுமே தவிர உள்ளே ஒன்றும் இறங்காது. ஆனாலும் குடும்ப ஜெபத்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நான் வெறும் வாயால் ஜெபித்தேன், நீங்கள் நல்ல மனதோடு ஆமென் சொன்னீர்கள். வயதில் மூத்த விசுவாசி ஒருவரிடம் மனதைத் திறந்து சொன்னபோது, எங்கேயோ மறைவான பாவம் இருக்கும், உபவாசத்தைக் கூட்டுங்கள் என்றார். கூட்டினேன். பசி கூடிற்று, வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த நாட்களில்தான் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று வானத்திலிருந்து அக்கினியை இறக்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு செய்திக்குப் பயந்து ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனையும் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். இந்த இடத்தில் கர்த்தர் என்ன செய்திருக்கவேண்டும் என்று நாம் நினைப்போமோ அதில் ஒன்றையும் அவர் செய்யவில்லை. நேற்றைய அற்புதத்தை மறந்தாயோ என்று கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. தின்று குடித்துவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டான், அதற்கும் ஒருவரும் கோபப்படவில்லை. இரண்டாந்தரம் எழுப்பும்போது தூதன் சொன்ன காரணத்தைக் கவனித்துப் பார், மகளே: நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம். நீ பலவீனன் என்று சொல்லவில்லை, வழி நீளம் என்றுதான் சொன்னான்.

அந்த ஆகாரத்தின் பெலத்தினால் அவன் 40 நாள் இரவும் பகலும் நடந்து தேவனுடைய பர்வதமாகிய ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியே வருகிறது. முதலில் தூக்கமும் ஆகாரமும், பிறகு நடை, கடைசியில்தான் பேச்சு. நீயோ தூக்கமில்லாத உடம்போடு, நள்ளிரவில் உட்கார்ந்து, உன் இரட்சிப்பையே விசாரணைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நேரத்தில் அந்த வழக்கை எடுக்காதே. வாரக்கணக்கில் தூக்கமில்லாமலும் எதிலும் மனம் ஒட்டாமலும் இருந்தால் மருத்துவரிடம் போ; அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்த அடையைச் சுட்டு வைத்தது யார் என்று அவர்களைக் கேள். (எலியா சாகவேண்டும் என்று பண்ணின அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் கடைசிவரைக்கும் செவிகொடுக்கவே இல்லை. மரணத்தைக் காணாமலே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவன் அவன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.)

வார்த்தை வரவில்லை என்கிறாய். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசி. மற்ற புலம்பல் சங்கீதங்களெல்லாம் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்றால், உன் ஜெபம் நன்றாக முடியவில்லை என்பதற்காக அதை அவர் தள்ளிவிடமாட்டார்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி நீ எழுதியதையும் நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் போதித்தும் ஒரு பிள்ளையிலும் மாற்றம் தெரியவில்லை என்பது சாதாரணமான வருத்தம் அல்ல. மிஷனரியாகிய வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தார்; மறுவருஷமே அவருடைய சிறு மகன் இறந்துபோனான்; அவருடைய ஊழியத்தில் முதன்முதலாக வங்காளி ஒருவர், கிருஷ்ண பால் என்பவர், ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடையிலிருந்தது ஏழு வருஷம் என்று நாம் இன்றைக்கு எண்ணிச் சொல்கிறோம். நான்காம் வருஷத்தில் ஓர் இரவு விளக்கை அணைத்துப் படுக்கப்போன அந்த மனிதருக்கு, இன்னும் எத்தனை வருஷம் என்ற கணக்குத் தெரியாது. நீயும் அப்படிப்பட்ட ஓர் இரவில்தான் இருக்கிறாய் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பலன் தருவது உன் வேலையல்ல என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அப்படியானால் நம்புவது என்றால் என்ன என்று கேட்பாய். எனக்கு அது புரிந்தது உன்னாலேதான். உனக்கு நாலு வயதிருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்தது. இரவெல்லாம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தேன். விழித்திருந்தவரைக்கும் உன் கை என் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, விரலை எடுத்துவிட முடியாது. உன் பாரத்தில் பாதியை நீயே தூக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. விடியப்போகும் நேரத்தில் திடீரென்று தோள் கனத்தது. கை நழுவித் தொங்கியது. தூங்கிவிட்டாய். பிடி விட்டபோதுதான் உன் முழு பாரமும் என்மேல் வந்தது. அந்தக் கனத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் கை நழுவிவிட்டதே என்று நீ அழுகிறாய், மகளே. நீ அவரைப் பிடித்திருந்த பிடியினால் இத்தனை காலம் நின்றாய் என்று எண்ணியிருந்ததால் வந்த அழுகை அது. பவுல்கூட, ஆசியாவில் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று கொரிந்தியருக்கு ஒளிக்காமல் எழுதுகிறான். தங்கள்மேல் நம்பிக்கையாயிராமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கும்படிக்கு அது நேரிட்டது என்றும் அதே மூச்சில் சொல்கிறான். இதை வாசித்தவுடனே பாரம் இறங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்படி ஒரே நாளில் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் சங்கீதம் வாசிக்கையில் ஒரு வரி உள்ளே இறங்கிற்று, பிறகு பல நாட்கள் ஒன்றும் இல்லை, பிறகு இன்னொரு வரி, அவ்வளவுதான்.

ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில், இஸ்ரவேலர் ஜெயிக்கும்படி உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவனும் அவனுக்கு உட்காரக் கல்லைக் கொண்டுவந்து போட்டு, சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஆளுக்கு ஒரு கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ, ஆனால் பாடவேண்டும் என்று உன்னை வருத்தாதே. பக்கத்தில் நிற்கிறவர்கள் உனக்காகவும் பாடட்டும். ஓய்வுநாள் பாடசாலையைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் ஒப்படைத்துவிடு. சபையில் உன்னோடு நெருங்கிப் பழகும் ஒரு சகோதரியிடமாவது, எனக்கு எழுதிய அந்த வரிகளை அப்படியே சொல்.

உன் அம்மா விடியற்காலையில் எழுந்து முதலில் உன் பெயரைத்தான் சொல்லுகிறாள். அவள் களைத்துப்போகும் நாளில் நான் சொல்கிறேன். இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவேண்டாம், அம்மா. இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு.

கிறிஸ்துவுக்குள்,
உன் அன்பு அப்பா