கோடாலிக்கு வர்ணம் வேண்டாம், எடையைப் பொறியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விறகு பிளக்கக் கோடாலி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கடையில் முதலில் வாயைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்கள். கூராக இருந்தால் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கூரை வீட்டிலேயே அரத்தை வைத்து அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். தலையின் பருமன், காம்புத் துளை, எஃகின் பதம் இவை மூன்றும் கெட்டுப்போயிருந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது கோடாலிகளுக்குத் தடிமனாக அடித்து விற்கும் வர்ணம் மறைப்பது இந்த மூன்றைத்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. வெட்டும் கோடாலி நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும் என்பதால், வாய்க்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுப் பகுதியான கன்னம் ஒல்லியாக இருக்கும். அதைக்கொண்டு கட்டையைப் பிளந்தால் ஆழமாக இறங்கிக் கவ்விக்கொள்ளும். பிடுங்குவதற்காக ஆட்டி ஆட்டி இழுக்கும்போதுதான் காம்பு கழுத்தில் முறிகிறது. பிளப்பதற்கு ஆப்பு மாதிரிப் பருத்த கன்னம் வேண்டும். வாயிலிருந்து 5 செ.மீ. பின்னால் தலையின் தடிமன் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால், அது இறங்கும்போதே இரண்டு பக்கமும் மரத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.

எடை கூடினால் வேலை சுலபம் என்பது பாதி உண்மைதான். எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று கிலோ தலையைத் தூக்கிப் பத்து அடியில் களைத்துப்போவதைவிட, ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் ஒரு தலையை வேகமாக இறக்குவது மேல். காம்பு 75 முதல் 85 செ.மீ. வரை இருக்கட்டும். குட்டைக் காம்பு கையாள எளிது என்று நினைத்து 50 செ.மீ.யில் வாங்கி, நின்றபடி முழு வீச்சில் அடிப்பவர்கள் உண்டு. குறி தவறினால் நீளக் காம்புக் கோடாலி அடிக்கட்டையிலோ தரையிலோ போய்க் குத்தும்; குட்டைக் காம்பு நேராக முழங்காலுக்குக் கீழே வந்து நிற்கும். பிளக்கும் விறகை வைக்க முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

காம்புத் துளையைப் பார்க்கக் காம்பு போடாத தலையாகக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளையின் இரண்டு சுவர்களும் ஒரே கனத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பட்டையை மடக்கிப் பற்றவைத்த தலை என்றால், அந்தப் பற்றவைப்பு துளையை ஒட்டி ஓடுகிறதா என்று விரல் நகத்தால் வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். ஓடினால் வேண்டாம். அடியின் அதிர்ச்சி முழுவதையும் தாங்குகிற இடம் அது. இரும்புக் குழாயையே காம்பாகப் பற்றவைத்து வருபவற்றிலும் இதே கோளாறுதான். போதாததற்கு அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

தலை முழுவதும் எஃகாக இருக்கத் தேவையில்லை. உடல் மெல்லிரும்பாக இருந்து, வாயில் மூன்று நான்கு செ.மீ.க்கு எஃகு சேர்த்து, பழுக்கக் காய்ச்சி முக்கி இறுக்கும் தோய்ச்சல் போட்டிருந்தாலே போதும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த வாய் நன்றாக உழைக்கும். தோய்ச்சல் சரியா என்பதை அரம் சொல்லிவிடும். வாயின் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுங்கள். அரம் சோப்பைச் சீவுவது போலச் சதையை எடுத்தால் இரும்பு மென்மை. முதல் கணுவிலேயே வாய் மடங்கும். கண்ணாடியில் போவது போல வழுக்கினால், தோய்த்த பிறகு மறுபடி சூடுகாட்டிப் பதம் இறக்கவில்லை என்று பொருள். அந்த வாய் சில்லு சில்லாகத் தெறிக்கும். அரம் கொஞ்சம் முரண்டு பிடித்து, நுண்ணிய தூளாக எடுத்தால் சரியான பதம். பட்டறையில் இது நிறத்தைப் பார்த்துச் செய்கிற வேலை: சூடு ஏற ஏற வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், ஊதா, நீலம் என்று மாறும். கோடாலி வாய்க்குத் தவிட்டு நிறம் கடந்து ஊதா தொடங்கும்போது நிறுத்த வேண்டும். வாங்கிய பிறகு சாணைச் சக்கரத்தில் ஒரேயடியாக அழுத்தித் தீட்டி வாய் நீலமாகிவிட்டால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தீட்டுங்கள். அரத்தால் தீட்டினால் அந்தப் பயமே இல்லை. அரம் போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

காம்புக்குக் கருவேலம் நன்று. பட்டை உரித்து, நிழலில் மாதக்கணக்கில் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சைக் காம்பு துளைக்குள் இறுக்கமாகத்தான் உட்காரும். காய்ந்து சுருங்கியதும் ஒருநாள் தலை கழன்று பறக்கும். காம்பின் வெட்டுமுகத்தில் நார்வரிகள் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். நீளவாக்கில் நார் பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கே முறியும். உருண்டைக் காம்பைவிட முட்டை வடிவக் காம்பு மேல். வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கைக்கே தெரியும்.

காம்பை மேலிருந்து செருகும் கோடாலியில் ஒவ்வொரு வீச்சும் தலையை இறுக்கிக்கொண்டே போகும். கீழிருந்து செருகுவதற்குத் துளைக்குள் இருக்கும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, தலை கீழே தொங்கும்படி காம்பைத் தலைகீழாகப் பிடித்து, காம்பின் அடியை மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தானாகக் காம்பில் ஏறும். துளைக்கு மேல் ஒரு விரற்கடை காம்பு நீட்டியிருக்கட்டும். பிறகு காய்ந்த மர ஆப்பை அடித்து இறக்குங்கள். ஆப்புக்குப் பதில் ஆணி அடிப்பது காம்பைப் பிளக்கும். தலை ஆடுகிறது என்று இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஊறிய மரம் துளைக்குள் உப்பி நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். வர்ணக் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைக் காம்புக்குத் தடவலாம். தேங்காய் எண்ணெய் உலராது, பிடி வழுக்கும்.

சவுக்கும் சீமைக்கருவேலும் பச்சையாக இருக்கும்போதே பிளக்க எளிது. புளியங்கட்டையில் நார் பின்னிக்கிடக்கும். நடுவில் அடித்து மல்லுக்கட்டாமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகப் பெயர்த்து வாருங்கள். சிக்கிய கோடாலியின் பின்மண்டையில் சம்மட்டியால் அடிப்பது கூடாது. அந்தப் பக்கம் தோய்ச்சல் இல்லாத இரும்பு. நசுங்கித் துளையே கோணிவிடும், விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குத்தும்.

அடுப்பு பற்றவைக்கும் சிராய்க்கு 600 முதல் 800 கிராம் தலையும் 35 முதல் 40 செ.மீ. காம்பும் உள்ள கைக்கோடாலி போதும். குச்சியை விரலால் நிறுத்திப் பிடித்து மேலே அடிக்க வேண்டாம். கோடாலி வாயைக் குச்சியின் நுனியில் வைத்து அழுத்தி, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டினால் போதும். வாய் ஒட்டிக்கொண்டதும் குச்சியை விட்டுவிட்டு இன்னும் இரண்டு தட்டு. விரல் வாய்க்குப் பக்கத்திலேயே வராது.

கோடாலி செய்பவர்களிடமும் விற்பவர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தலையின் எடையையும், பிளப்பதற்கா வெட்டுவதற்கா என்பதையும் இரும்பிலேயே பொறியுங்கள். துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி விற்றால் போதும். தலையைத் தனியாகவும் காம்பைத் தனியாகவும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொல்லுப்பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
புதுக்கோட்டை மாவட்டம்.