மாப்பிள்ளைக்கு எந்த மணிக்கூடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார மலரில் அண்மையில் வெளிவந்த கைமணிக்கூடுகள் பற்றிய கட்டுரை, பக்கவாட்டில் பொத்தான்களும் முகப்பில் சிறு வட்டங்களும் கொண்ட குரோனோகிராப் இளைஞருக்கு ஏற்றது என்றும், விழாக்களுக்கு அணியும் எளிய முகப்புள்ள மெல்லிய ‘டிரெஸ் வோட்ச்’ வயதானவர்களுக்கு உரியது என்றும் கூறியிருந்தது. கல்யாணத்துக்கும் முதல் வேலைக்கும் மணிக்கூடு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எமது குடும்பங்களில் இன்னும் இருப்பதால், இந்தப் பிரிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அணியப் போகிறவர் என்ன வேலை செய்கிறார், எங்கே அணியப் போகிறார் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வயது இதில் பெரிய காரணமே அல்ல.

குரோனோகிராப், ஒரு செயலுக்கு எடுக்கும் நேரத்தை அளப்பதற்கென்று பிறந்த கருவி. 1821இல் பாரிஸில் குதிரைப் பந்தய நேரத்தை அளக்க மணிக்கூட்டுக் கலைஞர் நிக்கோலா ரியூசெக் செய்த கருவி, முகப்பில் மைப்புள்ளி இட்டுக் காலத்தைக் குறித்தது. 1970இல் அப்பலோ 13 விண்கலம் விபத்துக்குள்ளாகி, மின்சாரத்தைச் சேமிக்கக் கருவிகளை அணைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பாதையைத் திருத்துவதற்காக இயந்திரத்தை 14 செக்கன்கள் இயக்கியதையும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைமணிக்கூட்டைக் கொண்டே அளந்தார்கள். ஓட்டப் பயிற்சி கொடுக்கும் விளையாட்டு ஆசிரியருக்கு அது இன்றும் உதவும். ஆனால் வங்கியிலோ அரச கச்சேரியிலோ வேலை பார்க்கும் பிள்ளை அந்தப் பொத்தானை எதற்காக அழுத்தப் போகிறார்? விளிம்பில் உள்ள வேக அளவுகோலைக் கொண்டு, ஹபரணை வீதியில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க 45 செக்கன் எடுத்தால் வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர் என்று படிக்கலாம் என்பது உண்மைதான். அதைப் படிக்கிறவரை நான் இன்னும் காணவில்லை.

இதைவிட என்னை வருத்துவது, மலிவான சில மணிக்கூடுகளில் அந்தச் சிறு வட்டங்கள் வெறும் அச்சு வேலையாகவும், பொத்தான்கள் அழுத்த முடியாத அலங்காரமாகவும் இருப்பதுதான். வாங்கும்போது இரண்டு மணிக்குறிக்கு அருகிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். பன்னிரண்டில் அசையாமல் நிற்கும் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்க வேண்டும். மறுபடி அழுத்த நிற்க வேண்டும். நான்கு மணிக்குறிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அது சரியாகப் பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும். நீண்ட முள் சும்மா நிற்பதைக் கண்டு மணிக்கூடு பழுது என்று எண்ண வேண்டாம், வழமையான செக்கன் பெரும்பாலும் சிறு வட்டம் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும். பற்றரி மாற்றிய பிறகும் இதே சோதனையைச் செய்வது நல்லது.

கடல் சூழ்ந்த திருகோணமலைக்குத் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டும். பின்மூடியில் 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் அது கைகழுவும்போது தெறிக்கும் நீருக்கான தாங்குதிறனே. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ குளிப்பதற்கு 100 மீற்றராவது வேண்டும். குரோனோகிராப்பின் ஒவ்வொரு பொத்தானும் நீர் புகக்கூடிய மேலதிக வழி என்பதால், தண்ணீருக்குள் அதை அழுத்தவே கூடாது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்கள் எந்த மணிக்கூட்டையும் கழற்றி வைத்துவிடுங்கள், சூடு உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்களைக் கெடுக்கும். மெல்லிய மணிக்கூட்டுக்கும் இங்கே ஒரு குறை உண்டு: எமது வெயிலிலும் வியர்வையிலும் தோல்பட்டி விரைவில் நாறி வெடித்துவிடும். ஆகவே அன்றாடத்துக்கு உருக்குப் பட்டியும், விழாவுக்குத் தோல்பட்டியுமாக மாற்றி அணியலாம்.

அப்படியிருந்தும், ஒரே ஒரு மணிக்கூடு வாங்க வசதியுள்ள குடும்பத்துக்கு நான் மெல்லியதையே பரிந்துரைப்பேன். வேட்டி சால்வையில் மணவறையில் இருக்கும்போதும், வரவேற்பில் கோட்டின் கைமடிப்புக்குள்ளும் அது தடங்கலின்றி அமைந்துவிடும். தடித்த குரோனோகிராப் சட்டைக் கைவிளிம்பில் முட்டி நிற்கும். எளிமையான முகப்பு பழசாகிப் போவதுமில்லை: 1917இல் வடிவமைக்கப்பட்ட கார்த்தியே டாங்க் மணிக்கூட்டை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சாயலில் செய்து விற்கிறார்கள். சாவி கொடுத்து ஓடும் வகையாக இருந்தால், பாகங்கள் குறைவாக உள்ள எளிய மணிக்கூட்டைத் திருத்துவதும் செலவு குறைந்தது.

எமது நகரத்து வர்த்தகர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறு வட்டங்கள் இயங்குகின்றனவா, நீர் தாங்கும் அளவு எத்தனை மீற்றர் என்ற இரண்டையும் விலைச்சீட்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். பரிசு கொடுக்கும் பெற்றோர்களும், ‘திடீரென்று கொடுப்போம்’ என்று ஒளித்து வாங்காமல், பிள்ளையைக் கடைக்கே கூட்டிப்போய் அவரது மணிக்கட்டில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மணிக்கூட்டின் மேல், கீழ் முனைகள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அந்தக் கைக்குரியது அல்ல.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.